மாதனூருக்கு மூன்று பீப்பாய்கள்

என் மனைவி வாணி எனக்கு விதித்திருந்த நிபந்தனைகள் இரண்டு. ஒன்று, இனிமேல் அவளுடைய சமையலறையில் நான் பீர் காய்ச்சக் கூடாது. இரண்டு, நான் பீர் காய்ச்சுகிறவன் என்பது மாதனூரில் இருக்கும் அவளுடைய அப்பாவுக்குச் சாகும்வரை தெரியக் கூடாது. யார் சாகும்வரை என்பதை அவள் தெளிவாகச் சொல்லவில்லை.

முதல் நிபந்தனைக்குக் காரணம் அவளுடைய பெரிய பொங்கல் பானை. சிங்கப்பூரில் வீட்டுத் தேவைக்கு பீர் காய்ச்சிக்கொள்ள அனுமதி உண்டு. முளைகட்டிய பார்லியை உடைத்து வெந்நீரில் ஊறவைத்து, அந்தத் தண்ணீரை வடித்துக் கொதிக்கவைத்து, ஆறியதும் ஈஸ்ட் போட வேண்டும். ஏறக்குறைய சோறு வடிக்கிற வேலைதான். என்ன, சோற்றை எறிந்துவிட்டுக் கஞ்சியை வைத்துக்கொள்கிறோம். போன தீபாவளிக்கு முந்தைய வாரம் அந்தக் கஞ்சி பொங்கி அடுப்பை அணைத்து, அலமாரிக்குள் புகுந்து, கீழ்வீட்டுச் சீனப் பாட்டியின் கொடியில் காய்ந்த துணிவரைக்கும் போய்விட்டது. பானையின் அடியும் போனது.

இரண்டாவது நிபந்தனைக்குக் காரணம் என் மாமனார். அவருடைய அண்ணன் குடித்தே இரண்டு துண்டு நிலத்தை அழித்தவர். அதனால் பெண் பார்க்கப் போன அன்று மாமனார் என்னிடம் சம்பளம் கேட்கவில்லை, சொந்த வீடா என்று கேட்கவில்லை. "குடிப்பீங்களா?" என்று மட்டும் கேட்டார். இல்லை என்றேன். அன்றைக்கு அது உண்மை. பதினான்கு வருடமாக அந்த ஊரில் எனக்குப் பெயரே 'குடிக்காத மாப்பிள்ளை'தான். இளங்கோ என்ற என் சொந்தப் பெயரைச் சொன்னால் அங்கே பாதிப் பேருக்குத் தெரியாது.

இந்த நிலையில்தான் வாணியின் தம்பி தீனா ஒரு யோசனை சொன்னான். அவன் ஷூ கம்பெனியில் மெஷின் பராமரிப்பு பார்க்கிறவன். "மாமா, பெங்களூர்ல மூடிப்போன பார்ல இருந்து காலி பீர் பீப்பா கெடைக்குது. நம்ம ஆம்பூர்ல காதர் பாய் இருக்காரு. தோல் பதனிடுற டேனரிக்கெல்லாம் எவர்சில்வர் டேங்கு அடிக்கிறவரு. மேல வெட்டி, குழாய் வெச்சி, ஜம்முனு பண்ணிக் குடுத்துடுவாரு. ஆடி மாசம் திருவிழாவுக்கு வர்ற மாதிரி வாங்க." வெந்நீருக்கு ஒன்று, பார்லி ஊற ஒன்று, கொதிக்க ஒன்று. மூன்றையும் சிங்கப்பூர் வீட்டுத் தாழ்வாரத்தில் வரிசையாக வைத்து மின்அடுப்பில் காய்ச்சலாம். திரும்பும்போது கப்பல் சரக்கில் போட்டுவிடலாம். எனக்கு ஆசை தலைக்கேறிவிட்டது.

முதல் நாள் பெங்களூரில் மூன்று பீப்பாய்களையும் தட்டிப் பார்த்து வாங்கினேன். முப்பது லிட்டர் பீப்பாய், நல்ல கனத்த தகடு. ஒவ்வொன்றின் வயிற்றிலும் அதைச் செய்த நிறுவனத்தின் பெயரும், அதற்குக் கீழே 'பீர்' என்று ஆங்கிலத்தில் கொட்டை எழுத்தும் புடைத்துக்கொண்டு நின்றன. அப்போது அது எனக்கு அழகாகத்தான் தெரிந்தது.

ரயிலில் ஏறியதும் விசாரணை ஆரம்பித்தது. சிங்கப்பூர் ரயிலில் பிணத்தைத் தோளில் போட்டுக்கொண்டு ஏறினாலும் யாரும் கைப்பேசியிலிருந்து தலையைத் தூக்க மாட்டார்கள். இங்கே பெட்டியில் இருந்த அத்தனை பேருக்கும் என் பீப்பாய்களைப் பற்றிக் கேட்க உரிமை இருந்தது. ஒருவரிடம் தண்ணீர் வடிகட்டி என்றேன். இன்னொருவரிடம் பால் கேன் என்றேன். இரண்டு பேரும் பக்கத்துப் பக்கத்து இருக்கை என்பதைக் கவனிக்கவில்லை.

எதிரில் குடியாத்தம் லுங்கி வியாபாரி ஒருவர் மூட்டையோடு உட்கார்ந்திருந்தார். பீப்பாயை நாலு பக்கமும் தடவிப் பார்த்துவிட்டு, "பால் கேனுன்றீங்க, வாயே இல்லியே சார்?" என்றார்.

"புது மாடல்."

"அப்ப பால இன்னா ஊசில ஏத்துவாங்களா?"

நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். வெளியே ஆம்பூர் போய்க்கொண்டிருந்தது. நிற்கும் என்று நான் நம்பிய ரயில் ஆம்பூரை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. அடுத்து அவருடைய குடியாத்தமும் போனது. நான் பதறினேன், அவர் அசையவே இல்லை. "வாரா வாரம் நான் தாண்டித்தான் சார் போறேன். காட்பாடில எறங்கித் திரும்பி வந்துடுவேன். பேஜாரே இல்ல."

காட்பாடியில் இறங்கியதும் நல்ல மனிதர் தன் மூட்டையைப் பிரித்து, மூன்று பீப்பாய்களுக்கும் ஆளுக்கொரு கட்டம் போட்ட லுங்கியைச் சுற்றித் தூக்க வசதியாக முடிச்சுப் போட்டுக் கொடுத்தார். தொப்பை வைத்த மூன்று குள்ள மனிதர்களை அழைத்துக்கொண்டு போவதுபோல் இருந்தது. பஸ் கண்டக்டருக்கும் அப்படித்தான் தோன்றியிருக்க வேண்டும். "லுங்கி கட்டியிருக்காங்க இல்ல, அப்ப மூணு ஃபுல் டிக்கெட்டு" என்றார். பஸ்ஸே சிரித்தது. நான் டிக்கெட் வாங்கினேன்.

மாதனூரில் நான் இறங்கிய அதே நேரத்தில் ஷூ கம்பெனி பஸ்ஸும் வந்து நின்றது. அதிலிருந்து என் மாமியார் இறங்கினார். இருபது வருடத்துக்கு மேலாகக் கம்பெனியில் தரம் பார்க்கும் பிரிவில் இருக்கிறார். வெளிநாட்டுக்குப் போகும் ஷூ ஒவ்வொன்றும் பெட்டிக்குள் போகும் முன்னால் அவர் கையில் ஒரு தடவை திரும்பியாக வேண்டும். என்னை வாங்க என்று சொல்வதற்கு முன்பே என் தோள்பையின் ஓரத்தைக் கட்டைவிரலால் நீவினார். "தையல் விட்டிருக்கு மாப்ள. ரிஜெக்ட்டு" என்றார். அதற்குப் பிறகுதான் நலம் விசாரித்தார்.

வாசலில் மாமனார் நின்றிருந்தார். பக்கத்தில் தீனா. மாமனார் லுங்கி கட்டிய மூவரையும் பார்த்து, "இன்னா மாப்ள இது?" என்றார்.

பெங்களூரிலிருந்து ஒரு பொய்யைத் தயார்செய்து கொண்டுவந்திருந்தேன். சூரிய வெந்நீர் இயந்திரத்தின் பாகம் என்று சொல்ல வேண்டும். நான் வாயைத் திறப்பதற்குள் தீனா பதறிப்போய் உளறிவிட்டான்.

"கோயிலுக்குப்பா! ஆடிக்குக் கூழ் காய்ச்ச!"

தெருக்கோடியில் இருக்கும் மாரியம்மன் கோயிலை மாமனார்தான் பார்த்துக்கொள்கிறார். போன வருடம் கூழ் காய்ச்சிய அண்டாவில் ஓட்டை விழுந்து, பாதிக் கூழ் அடுப்பில் போன விஷயம் எனக்கு அப்போது தெரியாது. அவர் கண் கலங்கிவிட்டது. என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "சிங்கப்பூர்ல இருந்துகினு எங்க ஆத்தாள நெனச்சீங்களே மாப்ள" என்றார். அரை மணி நேரத்தில் தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது.

தீனாவைக் கொல்லைப்புறம் இழுத்துப் போய்த் திட்டினேன். "விடு மாமா. திருவிழா முடியட்டும். அப்புறம் மூணையும் ரிப்பேருக்கு அனுப்புறேன்னு சொல்லிக் கப்பல்ல ஏத்திடலாம்" என்றான். எனக்கும் வேறு வழி தெரியவில்லை.

இரண்டாம் நாள் ஆம்பூருக்குப் போனோம். ஊருக்குள் நுழைந்ததும் ஒரு பக்கம் தோல் வாசனை, மறுபக்கம் பிரியாணி வாசனை. மூக்கு எதை நம்புவது என்று தெரியாமல் திணறியது. காதர் பாயின் பட்டறையில் ஒரு பக்கம் டேனரித் தொட்டிகள், இன்னொரு பக்கம் ஓரம் தட்டி நிமிர்த்தக் கொடுத்த பிரியாணி தேக்சா அண்டாக்கள். பாய் என் வரைபடத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மேலே வட்டமாக வெட்ட வேண்டும், அடியில் குழாய், நடுவில் வெப்பமானி, உள்ளே போட்டெடுக்க ஓட்டை போட்ட தட்டு.

"கூழுக்குன்னுதானே தீனா சொன்னான்?"

"ஆமா பாய்."

"கூழுக்கு எதுக்கு சார் தெர்மாமீட்டரு? அதுக்கின்னா காய்ச்சலா?"

"சிங்கப்பூர் மாடல் பாய்" என்றான் தீனா. அந்த வார்த்தையைச் சொன்னால் அந்த ஊரில் எதையும் ஒப்புக்கொள்கிறார்கள்.

அப்போது அவருக்கு ஒரு போன் வந்தது. உருதுவில் பேசினார். தீனா என் காதில் மொழிபெயர்த்தான்: 'இப்ப வர முடியாது. சிங்கப்பூர்ல இருந்து ஒரு பைத்தியம் வந்து உட்கார்ந்திருக்கு. இல்ல இல்ல, நல்ல பைத்தியம்தான்.'

முதல் இரண்டு பீப்பாய்களின் வால்வும் சமர்த்தாகக் கழன்றது. மூன்றாவதைப் பாய் அமுக்கினார். உள்ளே எவ்வளவு காலமாகவோ அடைபட்டுக் கிடந்த பீர் சீறிக்கொண்டு வந்து, குனிந்து பார்த்துக்கொண்டிருந்த என் முகம், சட்டை, பேண்ட் எல்லாவற்றையும் நனைத்தது. மூன்றையும் தட்டிப் பார்த்து வாங்கியவன் நான்தான்.

பாய் மோந்து பார்த்தார். என்னைப் பார்த்தார். தீனாவைப் பார்த்தார். "ஓஹோ" என்றார்.

"பழைய பீப்பா பாய், பெங்களூர்ல வாங்கினது" என்றான் தீனா.

"பழசுல இன்னா இருந்தா நமக்கின்னா? இனிமே இன்னா ஊத்தப்போறீங்கன்றதுதான் கணக்கு" என்று சொல்லிவிட்டு முகக்கவசத்தை இறக்கிக்கொண்டார். எனக்குச் சுருக்கென்றது.

அதைவிடப் பெரிய பிரச்சினை, நான் அந்தச் சட்டையோடு மாமனார் வீட்டுக்குப் போக வேண்டும். பட்டறைக் குழாயில் குளித்தேன், சட்டையை அலசினேன், வாசனை போகவில்லை. வெயிலில் காயக் காய அது ஜாஸ்திதான் ஆனது. கடைசியில் தீனா தன் தோஸ்த் வேலை பார்க்கும் தோல் மண்டிக்கு என்னை அழைத்துப் போனான். உப்புப் போட்ட பச்சைத் தோல்கள் ஆள் உயரத்துக்கு அடுக்கியிருந்தன. நடுவில் ஒரு ஸ்டூலைப் போட்டு, "ஒரு மணி நேரம் உட்காரு மாமா. இதைத் தாண்டி வேற எந்த வாசனையும் வீட்டுக்கு வராது" என்றான். சிங்கப்பூரில் லிஃப்ட் பழுதுபார்க்கிறவன் நான். எத்தனையோ இடத்தில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். ஆனால் நாறுவதற்காகவே உட்கார்ந்தது அன்றுதான். அங்கிருந்தவர்கள் என்னை வெளிநாட்டு வியாபாரி என்று நினைத்து டீ வாங்கிக் கொடுத்தார்கள்.

வீட்டுக்குள் நுழைந்ததும் மாமனார் மூக்கைப் பொத்திக்கொண்டு, "தோல் மண்டிக்குப் போனீங்களா? அதெல்லாம் உங்களுக்கு எதுக்கு மாப்ள" என்று சிரித்தார். தீனாவின் திட்டம் பலித்துவிட்டது. மாமியார் மட்டும் துவைக்கப் போட்ட சட்டையைக் கையில் எடுத்து, ஒரு தடவை உள்பக்கமாகத் திருப்பிப் பார்த்தார். பிறகு அதைத் தனி வாளியில் போட்டார்.

மூன்றாம் நாள் காலை வேலை முடிந்திருந்தது. நான் உணர்ச்சிவசப்படுகிற ஆள் இல்லை. ஆனால் அந்த மூன்றையும் பட்டறை வாசலில் வரிசையாகப் பார்த்தபோது செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் கிட்டே போனேன். வெட்டின விளிம்பு விரலை வைத்தால் வழுக்கியது. குழாய் ஒரு விரலால் திருப்பத் திறந்தது. பற்றவைத்த இடம் எது என்று தேட வேண்டியிருந்தது. என் கனவில்கூட அவை இவ்வளவு அழகாக இருந்ததில்லை.

'பீர்' எழுத்தை அழிக்கச் சொல்லியிருந்தேன். இரண்டில் பாய் தேய்த்து மழுங்கடித்துவிட்டார். மூன்றாவதைக் காட்டி, "இது அழுத்தமா அடிச்சிருக்கான் சார். ரொம்பத் தேச்சா தகடு மெலிஞ்சிடும். செவுத்துப் பக்கம் திருப்பி வெச்சிடுங்க, ஒருத்தருக்கும் தெரியாது" என்றார்.

கூலி கேட்டேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டே தலையை ஆட்டினார். "கோயில் வேலைக்குக் கூலி வாணாம். மூணையும் சலவை சோடா போட்டு நாலு தபா கொதிக்க வெச்சிக் கழுவிட்டேன். ஞாயித்துக்கிழமை ஒரு தூக்குல கூழ் அனுப்புங்க, போதும்." நான் எவ்வளவோ வற்புறுத்தினேன். மனிதர் அசையவில்லை. அந்த நிமிடத்தில் எனக்கு உண்மையாகவே வெட்கமாக இருந்தது. திருவிழா முடிந்ததும் இவற்றைக் கப்பலில் ஏற்றப்போகிறவன் இவர் முகத்தைப் பார்த்து எப்படி நன்றி சொல்வது? அந்தக் குற்ற உணர்ச்சியோடுதான் பிரியாணி சாப்பிடப் போனேன். இரண்டாவது தட்டுக்குக் கத்திரிக்காய்த் தொக்கு கேட்டு வாங்கும்போது அது கொஞ்சம் கம்மியாகியிருந்தது.

சீரகச் சம்பா வேலையைக் காட்டியது. மத்தியானம் வீட்டில் அடித்துப்போட்டதுபோல் தூங்கிவிட்டேன். எழுந்து பார்த்தால் பீப்பாய்களைக் காணோம். மாமனாரையும் காணோம்.

சாயங்காலம் மினி வேனில் மூன்றும் வந்து இறங்கின. மாமனார் முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு. "பாத்திரக் கடைக்குப் போய்ப் பேர் வெட்டிகினு வந்துட்டேன் மாப்ள!"

பாத்திரத்தில் பெயர் வெட்டும் வழக்கத்தை நான் மறந்தே போயிருந்தேன். கல்யாணத்துக்குக் கொடுக்கும் டம்ளரில்கூடக் கொடுத்தவர் பெயரை அந்தச் சின்ன மெஷினால் கொர்ரென்று வெட்டாமல் இந்த ஊரில் யாரும் கொடுப்பதில்லை. மூன்று பீப்பாய்களிலும் அழகான எழுத்தில் வெட்டியிருந்தது: 'அருள்மிகு மாரியம்மனுக்கு உபயம். சிங்கப்பூர் மாப்பிள்ளை இளங்கோ, கலைவாணி.' வாணியின் முழுப்பெயர்கூட விடவில்லை. கப்பல் அங்கேயே கவிழ்ந்துவிட்டது. அம்மன் பெயர் வெட்டிய பாத்திரத்தில் பீர் காய்ச்சுகிற துணிச்சல் எனக்கு இல்லை. வாணிக்கு அதைவிடக் கிடையாது.

அதுகூடப் பரவாயில்லை. மூன்றாவது பீப்பாயைத் திருப்பிக் காட்டினார். "இதுல ஏற்கெனவே இங்கிலீஷ்ல பெருசா இன்னாவோ இருந்திச்சி. கம்பெனி பேராம், கடைக்காரர் சொன்னாரு. அதுக்கு நேர் கீழ வெட்டச் சொன்னேன். எடுப்பா இருக்கு பாருங்க." மாமனாருக்கு ஆங்கிலம் படிக்கத் தெரியாது. மேலே 'பீர்', கீழே நான். இனி அதைச் சுவர்ப் பக்கம் திருப்பவும் முடியாது, ஏனென்றால் என் பெயரும் சுவரைப் பார்க்கும்.

வாணிக்குப் போன் செய்தேன். முழுவதையும் கேட்டுவிட்டு, "அப்பாவுக்கு மட்டும் தெரிஞ்சுது, நீங்க அங்கேயே இருந்துக்கோங்க" என்று வைத்துவிட்டாள்.

நான்காம் நாள், ஞாயிற்றுக்கிழமை. முந்தின நாளே கரைத்துப் புளிக்கவைத்திருந்த கேழ்வரகு மாவை என் பீப்பாய்களில் ஊற்றினார்கள். நொய்யைப் போட்டுக் காய்ச்சினார்கள். ஒரு விஷயத்தை ஒப்புக்கொள்ள வேண்டும், எனக்குக் கை சும்மா இருக்கவில்லை. புளிக்கவைத்துக் காய்ச்சுவதுதானே, நம் தொழில்! வெப்பமானியைப் பார்த்து விறகை இழுக்கச் சொன்னேன், தள்ளச் சொன்னேன். அடி பிடிக்கவில்லை, பொங்கவில்லை. கூழ் காய்ச்ச வந்த பெண்கள், "மாப்ளக்கி இதெல்லாம் எப்படித் தெரியும்?" என்று ஆச்சரியப்பட்டார்கள். நான் அடக்கமாகச் சிரித்தேன்.

உச்சிவேளையில் மோர் கலந்து ஊற்ற ஆரம்பித்தோம். குழாயைத் திருப்பினால் சொம்பில் கூழ் விழுந்தது. மொண்டு ஊற்றுகிற வேலையே இல்லை. முருங்கைக்கீரை, பச்சை வெங்காயம், கருவாட்டுக் குழம்பு என்று ஆளுக்கொன்று தொட்டுக்கொண்டார்கள். கூட்டம் சேர்ந்தது. கூட்டத்தில் முக்கால்வாசி ஷூ கம்பெனி ஆட்கள். பெட்டியிலும் அட்டையிலும் ஆங்கிலம் பார்த்துப் பார்த்துப் பழகியவர்கள். 'பீர்' என்பதைப் படிக்காமல் விட மாட்டார்கள். அவர்களில் ஒருவர் வாய்விட்டுப் படித்தால் போதும், மாமனார் காதுக்குப் போய்விடும்.

ஆகவே கூட்டத்தின்மேல் வைத்த கண்ணை எடுக்காமலே பின்னால் நடந்துபோய் மூன்றாவது பீப்பாயின் முன்னால் நின்றுகொண்டேன். முதுகை ஒட்டினாற்போல் வைத்துக்கொண்டு அரை மணி நேரம் நின்றேன். பின்னால் சூடு ஆறாத கூழ், முன்னால் ஆடி வெயில். முதுகு வெந்தது. யாராவது கேட்டால் வேண்டுதல் என்றேன். நாலைந்து பேர் என் காலில் விழுந்து விபூதி கேட்டார்கள்.

அப்போது மாமனார் மைக்கைப் பிடித்தார்.

"இந்தப் பாத்திரம் மூணும் எங்க மாப்ள சிங்கப்பூர்ல இருந்து வந்து ஆத்தாளுக்குச் செஞ்சது! அந்த ஊர்ல தண்ணி மாதிரி சாராயம் ஓடுது. ஆனா எங்க மாப்ள ஒரு சொட்டு தொட்டதில்ல! மாப்ள, கொஞ்சம் நவுருங்க, ஜனங்க பேரப் பாக்கட்டும்!"

நான் கேட்காததுபோல் நின்றேன். "நவுருங்க மாப்ள!" என்று மைக்கிலேயே மறுபடி சொன்னார். கூட்டமே என்னைப் பார்த்தது. தீனா மெதுவாகப் பந்தலுக்கு வெளியே நழுவிக்கொண்டிருந்தான். பதினான்கு வருடப் பெயர் போகப்போகிறது, இந்த நல்ல மனிதர் ஊர் முன்னால் தலைகுனியப் போகிறார். இரண்டாவதுதான் எனக்குப் பெரிதாகப் பட்டது. கண்ணை மூடிக்கொண்டு நகர்ந்தேன்.

யாரும் வாய்விட்டுப் படிக்கவில்லை. பிறகு பெண்கள் குலவை போட்டார்கள்.

திரும்பிப் பார்த்தேன். நான் நின்ற இடத்துக்கு நேர் பின்னால், பீப்பாயின் வயிற்றில், உள்ளங்கை கனத்துக்கு மஞ்சள் அப்பியிருந்தது. நடுவில் வட்டமாகக் குங்குமம். சுற்றி ஒரு வேப்பிலைக் கொத்து கட்டியிருந்தது. கொட்டை எழுத்தில் ஓர் எழுத்துகூடத் தெரியவில்லை. கீழே என் பெயர் மட்டும் பளபளவென்று நின்றது. என் சட்டையின் முதுகிலும் பாதி மஞ்சள் ஒட்டியிருந்தது.

பீப்பாயின் அந்தப் பக்கம் மாமியார் குழாயைத் திருப்பி யாருக்கோ கூழ் பிடித்துக்கொண்டிருந்தார். கை முழங்கை வரைக்கும் மஞ்சள். நான் முதல் இரண்டு பீப்பாயில் கூழ் ஊற்றிக்கொண்டிருந்தபோதே வேலையை முடித்திருக்கிறார்.

பக்கத்தில் போய், "அத்தை..." என்றேன்.

அவர் நிமிரவில்லை. காதர் பாய்க்கு அனுப்பவேண்டிய தூக்கில் கூழை நிரப்பி, மூடியைக் கட்டைவிரலால் ஒரு சுற்று நீவிப் பார்த்துவிட்டு என் கையில் கொடுத்தார்.

"மூணாவது பீஸ்ல லோகோ தப்பு மாப்ள. ரீவொர்க் பண்ணி பாஸ் பண்ணிட்டேன்" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார்: "இனிமே வாங்கினா காலியா இருக்கறதா பாத்து வாங்குங்க. அன்னிக்கு உங்க சட்டைல அந்தத் தோல் நாத்தத்தையும் மீறி வாசன வந்திச்சி."